கோத்தகிரி இறக்கத்தில் மறைந்த நம்பர் பிளேட்: டேஷ்கேமும் போலரைசரும், ஒரு நிகழ்வு ஆய்வு

டேஷ்கேம், அதாவது முன் கண்ணாடியில் ஒட்டிச் சாலையைப் பதியும் கேமரா, எடுத்த பதிவு ஒரு நிமிடம்தான். ஒரு டாக்சி ஹேட்ச்பேக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே, காலை வெயில் நேர் எதிரே. ஏறி வந்த ஒரு பிக்கப் வளைவை அகலமாக வாங்கி, டாக்சியின் வலதுபக்கக் கண்ணாடியைத் தட்டிப் பெயர்த்து, கதவில் நீளமாக ஒரு கோடும் இழுத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டது. டாக்சி அண்ணன் அதற்குள் வண்டியை இடதுபக்கம் ஒதுக்கி ஏறக்குறைய நிறுத்தியே விட்டிருந்தார். மலைச்சாலையில் இடம் குறுகலாக இருந்தால் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. அவர் விட்டார். அதற்காக ஏறுகிறவர் எதிர்ப்பக்கத்துக்கே வந்துவிடலாம் என்று எந்த விதியிலும் இல்லை.

பதிவை, இந்தக் கேமராக்களை மாட்டிக்கொடுக்கும் என் கடைக் கணினியில் போட்டு ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தோம். பிக்கப் வெள்ளை நிறம், பின்னால் காலிப் பெட்டிகள், ஓட்டுநர் பக்கத்து வைப்பர் வளைந்திருக்கிறது. இதெல்லாம் தெரிகிறது. பம்பர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு துண்டு. டேஷ்போர்டின் மேல் அண்ணன் விரித்து வைத்திருந்த வெள்ளை ஈரிழைத் துண்டு அப்படியே முன் கண்ணாடியில் விழுந்து, அதன் நீலக் கரைகூடத் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. பக்கத்தில் பிள்ளையார் தலைகீழாக. நம்பர் பிளேட் அந்த வெள்ளைக்குள் எங்கேயோ இருக்கிறது.

“தம்பி, இந்தக் கேமரா சரியில்லை. வேற ஒண்ணு மாத்திக் கொடு” என்றார் அண்ணன்.

கேமராவில் பழுதில்லை என்பதற்கு ஆதாரம் அதே பதிவிலேயே இருந்தது. மோதலுக்குச் சற்று முன்னால் வண்டி அடர்ந்த மர நிழலுக்குள் போகிறது. டேஷ்போர்டும் நிழலில், சாலையும் நிழலில். அங்கே முன்னால் போன பேருந்தின் நம்பரை எழுத்தெழுத்தாகப் படிக்க முடிகிறது. வளைவுக்கு வந்ததும் வெயில் டேஷ்போர்டில் பளீரென்று விழுகிறது. எதிர்ப்பக்கச் சாலையோ மலையின் நிழலில் கிடக்கிறது. உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு. கண்ணாடிப் பிம்பத்துக்கு இதைவிட வசதியான நிலைமை கிடையாது. சமவெளியில் அகலச்சாலையில் ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லை இவ்வளவு தெரியாது, அங்கே சாலையும் டேஷ்போர்டும் சேர்ந்தே வெயிலில் இருக்கும். மலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டும் மாறி மாறி வருகிறது.

“கம்ப்யூட்டர்ல போட்டுத் துண்டை எடுத்துட முடியாதா?” என்றும் கேட்டார். மேலே படிந்த வெள்ளை லேசாக இருந்தால் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டி ஓரளவு மீட்கலாம். இங்கே பிளேட் இருக்கும் இடம் முழு வெள்ளைக்குப் போய்விட்டது. சென்சாரே பதியாததை எந்த மென்பொருளும் கொண்டுவராது. இப்போது வரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஏதோ ஒரு நம்பரை வரைந்து கொடுக்கும். அது யார் வண்டி நம்பரோ! இன்னொன்றும் சொன்னேன்: மெமரி கார்டில் உள்ள மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக எடுத்து வையுங்கள் என்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிப்போன பிரதியைக் காட்டிலும் மூலக் கோப்பு கையில் இருப்பது நல்லது.

சரி, கேமரா மாற்றத் தேவையில்லை. என்ன மாற்றுவது?

கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். நேராக விழுந்தால் ஒரு பரப்புக்கு சுமார் 4 சதவீதம். சாய்ந்து விழ விழ இது ஏறும். டேஷ்போர்டில் பட்டுச் சிதறிய ஒளி சாய்வான முன் கண்ணாடியின் உட்புறத்தில் பட்டுக் கேமராவுக்குள் வருகிறது. சாலையிலிருந்து வரும் காட்சியின் மேல் அது ஒரு திரைபோலப் படிகிறது. நம் கண் தூரத்துச் சாலையில் குவிவதாலும், இரண்டு கண்ணும் இரண்டு இடத்திலிருந்து பார்ப்பதாலும், ஓட்டும்போது அதைக் கண்டுகொள்வதில்லை. டேஷ்கேமுக்கு ஒரே கண். ஒரு முழம் தொலைவில் உள்ள துண்டையும் வளைவில் உள்ள லாரியையும் ஒரே கூர்மையில் பதியும் அகலக் கோண லென்ஸ் வேறு.

இதற்குள் ஒரு நல்ல காரியமும் நடக்கிறது. பிளஸ் டூ இயற்பியலில் தளவிளைவு என்று படித்தது ஞாபகம் இருக்கலாம். சாதாரண ஒளி எல்லாத் திசையிலும் அதிரும். கண்ணாடியிலோ தண்ணீரிலோ சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது பெரும்பாலும் ஒரே திசையில், பரப்புக்கு இணையாக, அதிரும் ஒளிதான் திரும்புகிறது. 1808-இல் மாலூஸ் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் ஓர் அரண்மனை ஜன்னலில் பட்டு வந்த வெயிலை ஒரு படிகத்தின் வழியே பார்த்து இதைக் கண்டுபிடித்தார். எந்தக் கோணத்தில் இது முழுமையாகும் என்பதை 1815-இல் டேவிட் புரூஸ்டர் விதியாக்கினார். கண்ணாடிக்கு அந்தக் கோணம், பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால், சுமார் 56 டிகிரி. அந்தக் கோணத்தில் திரும்பும் ஒளியின் அதிர்வு முழுக்க ஒரே திசை. அந்தத் திசையை மட்டும் தடுக்கும் தகடு ஒன்றை லென்ஸுக்கு முன்னால் வைத்தால் பிம்பம் போய்விடும், சாலை நிற்கும்.

அந்தத் தகடுதான் போலரைசர். மலிவான படலமாக அதைச் செய்யும் வழியைக் கண்ட எட்வின் லேண்ட் 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் முதலில் தீர்க்க நினைத்ததே கார்களின் ஹெட்லைட் கூச்சத்தைத்தான்: எல்லா விளக்கிலும் ஒரு போலரைசர், எல்லா ஓட்டுநர் கண்முன்னும் ஒரு போலரைசர் என்பது திட்டம். கார் கம்பெனிகள் ஏற்கவில்லை. எதிரே ஹை பீமோடு ஏறி வரும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன்.

இப்போது கார்களுக்கு வருவோம். இன்றைய ஹேட்ச்பேக், செடான்களில் முன் கண்ணாடி நன்றாகப் படுத்திருக்கும், தரைமட்டத்துக்குச் சுமார் 30 டிகிரி. கேமரா நேராக முன்னால் பார்த்தால் அந்தப் பார்வை கண்ணாடியைச் சந்திக்கும் கோணம், அதே செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்தால், 60 டிகிரி, புரூஸ்டர் கோணத்துக்குப் பக்கத்து வீடு. கணக்குப் போட்டால், 60 டிகிரியில் கிடைமட்ட அதிர்வுள்ள ஒளி ஒரு பரப்பில் சுமார் 18 சதவீதம் திரும்புகிறது. மற்றத் திசை ஒளி 0.2 சதவீதம்கூட இல்லை. முதலாவதைத் தடுத்துவிட்டால் திரையே இருக்காது. கார் வடிவமைத்தவர்கள் காற்றைக் கிழிக்கச் சாய்த்த கண்ணாடி நமக்கு இப்படி உதவுகிறது.

ஆனால் அண்ணன் வண்டியில் எடுத்த எடுப்பில் இந்தப் போலரைசர் ஃபில்டரை மாட்டவில்லை. முதல் வேலை, துண்டை எடுத்தது. “வெயிலுக்கு டேஷ்போர்டு வெடிச்சிடும்னுதானே போட்டிருக்கேன்” என்றார். சரி, துணி வேண்டுமென்றால் கறுப்பு போடுங்கள். பளபளக்காத வெல்வெட் மாதிரித் துணி. பக்கத்து இருக்கைக்கு ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த மூடிக்கு மேல் எதையும் விரிக்கக் கூடாது, அந்த இடத்தை விட்டு வெட்டிப் போட்டோம். மின்னுகிற டேஷ்போர்டு பாலிஷையும் நிறுத்தச் சொன்னேன். வண்டி புதிதாகத் தெரியும் என்று தேய்க்கிறார்கள். டேஷ்போர்டில் வானமே தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் அது கண்ணாடியிலும் தெரியும். கண்ணாடியின் உட்புறத்தை ஈரத்துணியாலும் பிறகு காய்ந்த துணியாலும் துடைத்தபோது துணியில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு சாம்பல் படலம் வந்தது. பிளாஸ்டிக் சூடாகி வெளியிடும் ஆவி படிந்தது அது. வெயில் நேரே படும்போது இந்தப் படலம் ஒளியைச் சிதறடித்து வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்பைப் போலரைசரால் ஒன்றும் செய்ய முடியாது.

யாரோ அவரிடம் முன் கண்ணாடியில் கூலிங் ஃபிலிம் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்றேன். முன் கண்ணாடி 70 சதவீத ஒளியையாவது உள்ளே விட வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. அது போக, ஃபிலிம் சாலைக் காட்சியையும் சேர்த்தே இருட்டாக்கும். பிம்பம் அப்படியே நிற்கும்.

துண்டைக் கழித்து, துடைத்து, கறுப்புத் துணி போட்டதிலேயே பாதிக்கு மேல் தீர்ந்தது. மீதம் இருந்தவை: காற்று வரும் சட்டங்களின் விளிம்பு, பிள்ளையார், டேஷ்போர்டின் நுனியில் துணி மூடாத சாம்பல் பட்டை. பிள்ளையாரை எடுக்கச் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

ஃபில்டருக்குக் காசு போடும் முன் ஒரு சோதனை உண்டு, யார் வேண்டுமானாலும் செய்யலாம். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றைக் கேமரா லென்ஸுக்கு முன்னால் பிடித்து, போன் செயலியில் நேரலைக் காட்சியைப் பாருங்கள். கண்ணில் மாட்டும் வாக்கில் பிடித்தால் பிம்பம் மங்கும். கூலிங் கிளாஸை 90 டிகிரி செங்குத்தாகத் திருப்பினால் திரும்பி வரும். இரண்டுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தால் ஃபில்டர் வேலை செய்யும். தெரியாவிட்டால் பணம் மிச்சம். அண்ணன் வண்டியில் பிள்ளையார் போய்ப் போய் வந்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடையில் கிடைப்பது சிபிஎல் என்ற வட்டப் போலரைசர். முன்னால் சாதாரணப் போலரைசர், அதன் பின்னால் ஒளியின் நேர் அதிர்வை வட்டச் சுழற்சியாக மாற்றும் கால் அலைத் தகடு என்று இரண்டு அடுக்கு. பின் அடுக்கு பழைய எஸ்எல்ஆர் கேமராக்களின் ஆட்டோஃபோகஸுக்காக வந்தது, டேஷ்கேமுக்கு அது தேவையே இல்லை. சந்தையில் இதுதான் கிடைக்கிறது என்பதால் வாங்குகிறோம். ஒரு வில்லங்கம் மட்டும் உண்டு: இதைத் திருப்பி மாட்டினால் வேலை செய்யாது, வெறும் கறுப்புக் கண்ணாடிதான். போனுக்கு விற்கும் சிபிஎல்லை வாங்கி டபுள் டேப்பில் ஒட்டிக்கொண்டு “இதெல்லாம் ஏமாத்து வேலை” என்று வந்த ஒருவருடைய ஃபில்டர் அப்படித்தான் இருந்தது. டைல்ஸ் தரையில் ஜன்னல் வெளிச்சம் பளபளக்கும் இடத்தைச் சாய்வாகப் பார்த்துக்கொண்டே ஃபில்டரைச் சுழற்றினால் தெரிந்துவிடும். பளபளப்பு வந்து போகிறதா, நம் கண் இருக்கும் பக்கம்தான் கேமராப் பக்கம்.

மாட்டும்போது செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், முக்கால்வாசிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வண்டியை வெயில் பார்க்க நிறுத்தினோம். டேஷ்போர்டில் ஒரு வெள்ளைத் தாள். நேரலைக் காட்சியைப் பார்த்தபடி ஃபில்டரின் வெளிவளையத்தை நிதானமாகச் சுழற்றினேன். மொத்தப் படத்தின் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது, கேமரா தானாக எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எடுக்கும் வெளிச்ச அளவை, சரிசெய்துகொண்டே இருப்பதால் அது ஏமாற்றும். தாளின் விளிம்பை மட்டும் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் விளிம்பு கரைந்து காணாமல் போகும். கொஞ்சம் தாண்டினால் திரும்பி வரும். கரைந்த இடத்தில் நிறுத்தி, வளையத்துக்கும் கேமரா உடலுக்கும் சேர்த்து வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு, மேலே சின்னத் துண்டு டேப். மலைச்சாலை அதிர்வில் வளையம் மெல்ல நகர்ந்துவிடும் என்பதால்தான் டேப். கேமரா ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் நடுவில் இருந்தால் அந்த நிலை ஏறக்குறைய நேராக அமையும். ஓரத்தில் ஒட்டியிருந்தால் கண்ணாடியின் வளைவால் சற்றுச் சாயும். அதனால் இன்னொரு வண்டியில் குறித்த கோடு இங்கே உதவாது.

கிடைத்த படம்: சாலையின் தூரப் பகுதி, எதிரே வரும் வண்டிகள், அதாவது நமக்கு வேண்டிய உயரம், சுத்தமாகிவிட்டது. பானெட்டை ஒட்டிய கீழ்ப்பட்டையில் மங்கலாகக் கொஞ்சம் மிச்சம். அது ஃபில்டரின் குறையல்ல. கீழே பார்க்கப் பார்க்கப் பார்வை கண்ணாடியை இன்னும் சாய்வாகச் சந்திக்கிறது, புரூஸ்டர் கோணத்தைத் தாண்டிப் போகிறது. 80 டிகிரியில் நாம் தடுக்காத திசை ஒளியே கால் பங்கு அளவுக்குத் திரும்பும். நம்பர் பிளேட் அங்கே வருவதில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

கேட்காமலே சில நன்மைகளும் வந்தன. மழை பெய்த தார்ச்சாலையின் மினுக்கலும் இதே வகைப் பிரதிபலிப்புதான், அதுவும் குறைந்து நடுக்கோடு தெரிகிறது. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும் என்பதால் இது சின்ன லாபமில்லை. தேயிலைச் செடிகளின் மேல் மினுமினுப்பு போய்ப் பச்சை கறுத்துத் தெரியும். வளைவுக்கு வளைவு வானத்தின் நீலம் மாறும், சூரியனுக்குச் செங்குத்தான திசையில் வானமே தளவிளைவு உள்ள ஒளியைத் தருகிறது. பார்க்கப் பயப்பட வேண்டாம். மூடுபனிக்கு மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பனித்துளிகளில் திரும்பத் திரும்பச் சிதறிய ஒளிக்கு ஒரு திசை என்று இருக்காது, ஃபில்டருக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. எதிர் வண்டியின் ஹெட்லைட்டுக்கும் அப்படியே.

செலவு என்று ஒன்று உண்டு, அது வெளிச்சம். குற்றமே இல்லாத போலரைசர்கூடப் பாதி ஒளியைத் தின்றுவிடும். நடைமுறையில் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் போகும், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. பகலில் கவலையில்லை. இரவில் தெருவிளக்கே இல்லாத குஞ்சப்பனைச் சாலையில் கேமரா ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். ஒரு ஃப்ரேமுக்கு ஷட்டர் நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அந்த நேரத்துக்குள் 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நம்பர் பிளேட் கோடாகிவிடும். அண்ணனுக்கு வேலை பெரும்பாலும் பகலில். மாலை வாடகை வந்தால் ஃபில்டரைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுகிறார். மறுபடி மாட்டும்போது மார்க்கர் கோடு உதவுகிறது. இரவில் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கே அதிகம் ஓடுகிறவர்களுக்கு நான் ஃபில்டர் விற்பதில்லை, கறுப்புத் துணியோடு அனுப்பிவிடுகிறேன்.

இந்த டாக்சியைப் பார்த்துவிட்டு ஓர் எஸ்டேட் ஜீப்காரர் வந்தார். எனக்கும் அதே மாதிரி ஒன்று என்றார். கூலிங் கிளாஸைப் பிடித்துப் பார்த்தால் எப்படித் திருப்பினாலும் பிம்பம் அசையவில்லை. ஜீப்பின் முன் கண்ணாடி கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். பார்வை அதைச் சந்திக்கும் கோணம் 20 டிகிரி அளவுதான். அந்தக் கோணத்தில் ஒரு திசை ஒளி 4.7 சதவீதம், மறுதிசை 3.3 சதவீதம் திரும்புகிறது. ஒன்றைத் தடுத்தாலும் மற்றது இருக்கிறது. லாரி, பேருந்து, மினிபஸ் எல்லாம் இந்தக் கணக்குத்தான்.

அதைவிட முக்கியமாக, அவர் படத்தில் விழுந்திருந்தது டேஷ்போர்டே இல்லை. படத்தைப் பெரிதாக்கினால் சட்டைப் பொத்தான்கள்! நிமிர்ந்த கண்ணாடி பின்னால், கீழ்நோக்கித் திருப்பி அனுப்புவதால் கேமராவுக்குத் தெரிவது ஓட்டுநரின் வெள்ளைச் சட்டையும் இருக்கை உறையும். இங்கே கறுப்புத் துணியை டேஷ்போர்டில் விரித்து என்ன பயன்? குளிருக்கு ஸ்வெட்டர் போடுகிற ஊர் என்பதால் கறுப்பு ஸ்வெட்டர் போடச் சொன்னேன், பாதி விளையாட்டாக. கடைசியில் லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் வளையம் வெட்டி, அதன் மறுவிளிம்பு கண்ணாடியில் அழுந்தும்படி கேமராவை ஒட்டினேன். உள்ளே இருந்து ஒளி நுழைய வழியில்லை, பிம்பமும் இல்லை. நிமிர்ந்த கண்ணாடிக்கு இது எளிது, லென்ஸும் கண்ணாடியும் ஏறக்குறைய இணையாக இருக்கும். படுத்த கண்ணாடிக்கு இதைச் செய்யப் போனால் வளையம் நீளமாகிப் படத்துக்குள்ளேயே வந்துவிடும்.

டாக்சி அண்ணனுக்குப் பின்பக்கக் கேமராவுக்கும் ஒரு ஃபில்டர் வேண்டும் என்று ஆசை. மாட்டிக் காட்டினேன். பின் கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிறுத்தைத் தோல். முன் கண்ணாடி இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. பின் கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து இறுக்கியவை. அந்த இறுக்கம் உள்ளுக்குள் ஒழுங்கில்லாமல் நிற்பது போலரைசர் வழியே புள்ளிகளாகத் தெரியும். கண்ணாடியில் குறை ஒன்றுமில்லை, ஆனால் படம் கெட்டுவிடும். “அப்போ பின்னாடி வேண்டாம்” என்றார். கழற்றிவிட்டேன்.